ரவை, எள்ளு, பயறு

பகலில் நான் பல் செய்கிறவள்.
பீல் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால்,
மூன்றாம் மாடியில்,
யார் யாருடையதோ கடைவாய்க்குப்
பீங்கானில் பல் வார்த்து, சுட்டு, தேய்த்து
நிறம் பார்ப்பேன்: ஏ இரண்டு, ஏ மூன்று,
தேத்தண்ணியில் ஊறின ஆட்களுக்கு ஏ நாலு.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால்
பல்லே இல்லாத பதினொரு பேர்
கம்பிவலையடியில் வரிசையாக நிற்பார்கள்.

முதல் தடவை பிழை விட்டது நான்தான்.
கடையில் இரண்டு பை இருந்தது.
சிப்பித்தூள் மலிவு, பார்க்கவும் வடிவு.
வாங்கி வந்து குஞ்சுகளுக்குத் தூவினேன்.
சிப்பி கரைந்துபோகும்.
அது முட்டை இடுகிறவளின் ஓட்டுக்கு.
அரைக்க வேண்டியது கரையாத கல்,
கருங்கல், மூலை மழுங்காதது.
இது எனக்குத் தெரியவந்தது
மகன் வெட்டிப் போட்ட நீளப் புல்லைத் தின்று
ஒரு குஞ்சின் கழுத்தடிப் பை
பந்துபோல் இறுகிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை.

சுவிசில் ஞாயிறு என்றால் கடை இல்லை.
சத்தமும் இல்லை. வெறும் போத்தலைக்கூடத்
தொட்டியில் போடக் கூடாது.
தேத்தண்ணி வடியையும் மா அரிதட்டையும் எடுத்துக்கொண்டு
ஷூஸ் ஆற்றங்கரைக்குப் போனேன்.
கார்த்திகைக் குளிர். விரல் மடங்கவில்லை.
நாயோடு வந்த மனிதர் ஒருவர் நின்று
என்ன தேடுகிறீர்கள், மோதிரமா என்றார்.
பல், என்றேன்.
நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்களுக்குச் சோற்றில் ஒரு கல் கடிபட்டால்
அன்றைக்கு வீடு இரண்டுபடும்.
இங்கே நான் அரித்து அரித்துக்
கல்லைத்தான் பொறுக்குகிறேன்.
கழுவி, சட்டியில் வறுத்து, ஆறவைத்து,
சிறிசுகளுக்கு ரவை அளவு,
ஆறு கிழமை போனால் எள்ளு,
வளர்ந்ததுகளுக்கு உடைத்த பயறு.
தீனியோடு கலக்கிறதில்லை, தனிக் கிண்ணம்.
எவ்வளவு வேண்டும் என்று அதுகளுக்குத் தெரியும்.

அந்தக் குஞ்சு திங்கட்கிழமையைப் பார்க்கவில்லை.

மற்றதுகள் கல்லைத் தின்று செரிக்கிற வயசுக்கு வந்தன.
இரவில் ஒன்றை மடியில் வைத்து
விலாவில் காதைப் பொருத்தினால்
உள்ளே ஒரு சின்ன அம்மி, மெல்ல.
நானும் நித்திரையில் நறநறக்கிறேனாம், கேதீஸ் சொல்கிறார்.
ஊருக்கெல்லாம் இரவுக் கவசம் செய்கிறவள்
எனக்கொன்று செய்ய நேரமில்லை.

பக்கத்து மேசை ஒடில்.
ஆறு வருசமாய்ச் சம்பளம் கூடவில்லை என்றால்
பிரெஞ்சில் சிரிப்பாள்:
கூட்டுவார்கள், கோழிக்குப் பல் முளைக்கும்போது.
அவர்கள் பேச்சு அது.
எங்களுக்குக் குதிரைக்குக் கொம்பு.

போன சனி, முட்டை நின்றுபோன
பழைய பேடு ஒன்றை அறுத்தோம்.
அரைக்கிற பையைக் கீறி, மஞ்சள் தோலை உரித்து,
உள்ளே கிடந்ததைத் தண்ணீரில் விட்டேன்.
ஆற்றுக்கல் பன்னிரண்டு, சோளத் தோல்,
பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று,
பிறகு ஒரு வெள்ளை.
பீங்கான். ஏ மூன்று.
என் மேலங்கிப் பையிலிருந்து எப்போதோ கொட்டுண்ட
உடைந்த கடைவாய்ப் பல்லின் மூலை.
கூர் எல்லாம் போய்,
எச்சில் தொட்டதுபோல் மினுங்கியது.

திங்கள் காலை அதைப் பஞ்சில் ஏற்றிக்
கீகாக்ஸ் ஐயாவின் மேசையில் வைத்தேன்.
ஒடில் கதவடியில் நின்று வாயைப் பொத்தினாள்.
கோழிக் கதையையும் சம்பளக் கதையையும்
ஜெர்மனில், இலக்கணம் பிழைக்காமல்,
ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.
அவர் பெருக்காடியைக் கண்ணில் செருகிக்
கனநேரம் பார்த்தார்.
திருப்பினார். நகத்தால் உரசினார்.
பிறகு கேட்டார்,
இதை எந்த மிஷினில் மினுக்கினீர்கள்?